லண்டன்–சூரிச்: 788 கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றே முக்கால் மணி நேரம்?

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து சூரிச்சுக்குப் போகவர டிக்கெட் எடுத்தால், நேரங்கள் ஏறத்தாழ இப்படி அமைந்திருக்கும். போகும்போது காலை 9.00 மணிக்குப் புறப்பட்டு 11.45 மணிக்குச் சேர வேண்டும். திரும்பும்போது பகல் 12.30 மணிக்குப் புறப்பட்டு 1.20 மணிக்கே வந்துவிடலாம். போக இரண்டே முக்கால் மணி நேரம், வர ஐம்பதே நிமிடம் என்று முதல் பார்வைக்குத் தோன்றும். சரி, தூரம் எவ்வளவு என்று தேடினால் ஓரிடத்தில் 788 என்றும், இன்னோரிடத்தில் 490 என்றும், வேறோரிடத்தில் 425 என்றும் கிடைக்கும். மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு 788 கி.மீ. என்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வேலைதானே என்ற கேள்வி அதற்கு மேல் வந்து நிற்கும்.

இந்த எண்களில் எதுவும் தவறில்லை. சில எண்கள் வெவ்வேறு பொருளை அளக்கின்றன; சில ஒன்றையே வெவ்வேறு அலகில் அளக்கின்றன. எதை, எந்த அலகில் என்று பக்கத்தில் எழுதி வைக்காததால்தான் குழப்பம். லண்டனிலும் சுவிட்சர்லாந்திலும் உறவுகள் பிரிந்து வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் ஓடிப்போய் வருகிற வழி. கணக்குப் பிசகினால் முகூர்த்தம் தவறும். ஆகவே தூரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

மூன்று எண்கள், ஒரே தூரம்

788 கிலோமீட்டர், 490 மைல், 425 கடல் மைல் ஆகிய மூன்றும் ஒரே நீளம்தான். தரையில் பயன்படும் மைல் 1.609 கி.மீ.; கடல் மைல் 1.852 கி.மீ. கப்பலும் விமானமும் கடல் மைலைக் கைவிடாததற்குக் காரணம் உண்டு. பூமியின் மையத்திலிருந்து ஒரு பாகையை அறுபது பங்காகப் பிரித்தால், ஒரு பங்குக்குப் பூமியின் மேற்பரப்பில் வரும் நீளமே ஒரு கடல் மைல். வரைபடத்தில் உள்ள பாகைக் கோடுகளே அளவுகோலாகிவிடுவதால் விமானிக்கு அது வசதி.

இந்த 788 எந்தப் பாதையின் நீளம்? விமானம் உண்மையில் பறந்த பாதையின் நீளம் அன்று. இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். ஓர் எலுமிச்சம்பழத்தைச் சரிபாதியாக நறுக்கினால் வெட்டுப்பட்ட விளிம்பு ஒரு வட்டமாக இருக்கும். பழத்தின் மேல் வரையக்கூடிய வட்டங்களில் அதுவே பெரியது. பூமியின் மேல் இரண்டு இடங்களையும் பூமியின் மையத்தையும் தொட்டுக்கொண்டு அப்படி ஒரு வெட்டுப் போட்டால், அந்த விளிம்பு வழியாக ஓர் இடத்திலிருந்து மற்றதற்குப் போவதே மிகக் குறுகிய வழி.

ஹீத்ரோவுக்குப் பதிலாக லண்டன் நகர மையத்தையும், விமான நிலையத்துக்குப் பதிலாகச் சூரிச் நகர மையத்தையும் எடுத்துக்கொண்டால் தூரம் 777 கி.மீ. அளவுக்குக் குறையும், ஏனெனில் ஹீத்ரோ லண்டனுக்கு மேற்கே இருக்கிறது. பூமியைச் சரியான உருண்டையாகக் கொள்வதா, துருவங்களில் சற்றுத் தட்டையானதாகக் கொள்வதா என்பதிலும் ஓரிரு கிலோமீட்டர் மாறும். சாலை வழியாகப் போனால் ஆயிரத்தை நெருங்கும்.

கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம்

இந்தத் தூரத்தை யாரோ சொன்னதாக நம்ப வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதும்.

1. ஹீத்ரோ இருப்பது வடக்கு 51.47 பாகை, மேற்கு 0.45 பாகை. சூரிச் விமான நிலையம் வடக்கு 47.46 பாகை, கிழக்கு 8.55 பாகை.

2. தெற்கு நோக்கி இறங்க வேண்டியது 4.01 பாகை. ஒரு பாகை அட்சரேகை எங்கும் ஏறத்தாழ 111.2 கி.மீ. ஆகவே தெற்கே 446 கி.மீ.

3. கிழக்கு நோக்கிப் போக வேண்டியது 9.00 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், இந்த அட்சரேகையில் ஒரு பாகைக்கு 111 கி.மீ. கிடைக்காது, 72.3 கி.மீ.தான் கிடைக்கும். ஆகவே கிழக்கே 651 கி.மீ.

4. 446இன் வர்க்கத்தையும் 651இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 789.

பூமியின் வளைவையும் சேர்த்து முறையாகக் கணக்கிட்டால் 788 வரும். ஒரு கிலோமீட்டர்தான் பிசகு. நெடுந்தூரப் பயணங்களுக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது. ஐரோப்பாவுக்குள் பறக்கும் தூரங்களுக்குத் தாராளமாகப் போதும்.

மூன்றாவது படியைக் கவனியுங்கள். சாதாரண உலக வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தை ஊகிக்கிறவர்கள் ஏமாறுவது அங்கேதான். வரைபடத்தில் எல்லாத் தீர்க்கரேகைகளும் சம இடைவெளியில் நிற்கும். பூமியில் அப்படி நிற்பதில்லை.

கடிகாரம் செய்யும் மாயம்

போக 2 மணி 45 நிமிடம், வர 50 நிமிடம் என்ற புதிரை அவிழ்ப்பது எளிது. டிக்கெட்டில் அச்சிடப்படும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். சூரிச் கடிகாரம் லண்டன் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அந்த ஒரு மணியைக் கழிக்க வேண்டும்: 1 மணி 45 நிமிடம். வரும்போது கூட்ட வேண்டும்: 1 மணி 50 நிமிடம். இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு ஐந்தே நிமிடம்.

இந்த ஒரு மணி நேர இடைவெளி கோடையிலும் குளிர்காலத்திலும் மாறாமல் இருப்பது ஒரு சிறிய அதிர்ஷ்டம். பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும் ஒரே கணத்தில் கடிகாரத்தைத் திருப்புகின்றன. எப்போதும் இப்படி இருந்ததில்லை. கோடை நேரம் வேண்டாம் என்று சுவிஸ் மக்கள் 1978இல் வாக்களித்தார்கள். சுற்றியிருந்த நாடுகள் எல்லாம் 1980இல் கடிகாரத்தை முன்னால் தள்ளியபோது சுவிட்சர்லாந்து மட்டும் நடுவில் ஒரு தீவைப்போல நின்றது. அந்தக் கோடையில் லண்டனிலும் சூரிச்சிலும் ஒரே மணி. மறு ஆண்டே சுவிட்சர்லாந்தும் மாறிக்கொண்டது. அதன் பிறகும் 1995 வரை ஐரோப்பியக் கண்டம் செப்டம்பர் கடைசியிலும் பிரிட்டன் அக்டோபரிலும் கோடை நேரத்தை முடித்ததால், இடைப்பட்ட சில வாரங்கள் இரண்டு ஊரிலும் ஒரே நேரம் ஓடியது.

இப்படிக் கடிகாரம் திருப்பும் வழக்கத்தையே ஒழிக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் வாக்களித்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. என்றாவது ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால், இந்த டிக்கெட்டின் கணக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மாறத் தொடங்கிவிடும்.

அந்த 1 மணி 45 நிமிடம் எதை அளக்கிறது?

விமானத் துறையில் இதற்குப் பிளாக் டைம் என்று பெயர். நின்றிருக்கும் லாரி நகராமலிருக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பதைப்போல, நின்றிருக்கும் விமானத்தின் சக்கரங்களுக்கும் கட்டை வைப்பார்கள். அதை எடுத்துவிட்டு விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, சேருமிடத்தில் மறுபடி கட்டை வைக்கும் கணம் வரையிலான நேரமே பிளாக் டைம். சக்கரம் தரையைவிட்டு எழுந்து மறுபடி தரையைத் தொடும் வரையிலான நேரம் வேறு. அது பறப்பு நேரம். பயணிக்கு அச்சிட்டுக் கொடுப்பது முதலாவதை. தேடுபொறிகளிலும் தூரக் கணக்கீட்டுப் பக்கங்களிலும் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவதன் தோராயம். இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

105 நிமிடத்தைப் பிரித்தால் பொதுவாக இப்படி வரும். இவை தோராயமான எண்கள்; நாளுக்கு நாள் மாறும்.

1. ஹீத்ரோவில் பின்னோக்கித் தள்ளப்பட்டு, ஊர்ந்து சென்று, வரிசையில் நிற்பது: 15 முதல் 20 நிமிடம்.

2. எழும்பி, திரும்பி, 35,000 அடிக்கு மேல் ஏறுவது: 20 நிமிடம்.

3. சமமட்டத்தில் முழு வேகத்தில் பறப்பது: 25 முதல் 30 நிமிடம்.

4. இறங்குவது, ஓடுபாதைக்கு நேராக வந்து தரையைத் தொடுவது: 25 நிமிடம்.

5. சூரிச்சில் ஊர்ந்து நிறுத்துமிடம் சேர்வது: 5 முதல் 8 நிமிடம்.

6. மீதி, விமான நிறுவனம் கைக்காவலாக வைத்திருக்கும் சில நிமிடங்கள்.

மணிக்கு 830 கி.மீ. என்ற புகழ்பெற்ற வேகம், இந்த ஆறில் மூன்றாவது பகுதிக்கு மட்டுமே சொந்தம். ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் சமமட்டத்துக்கு வருவதற்குள் 200 கி.மீ. கடந்துவிடுகிறது. இறங்குவதற்கு விமானிகள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். 36,000 அடியிலிருந்து இறங்க 108 கடல் மைல், அதாவது 200 கி.மீ. ஆகவே பிரான்சின் நான்சி நகரை ஒட்டி வரும்போதே சூரிச் விமானம் இறங்க ஆரம்பித்திருக்கும். நேர்கோட்டின் நடுப்புள்ளி பிரான்சின் ரேம்ஸ் நகருக்குச் சற்று வடக்கே விழுகிறது. லண்டனைவிட்டு ஏறி முடித்த விமானம் அந்த நடுப்புள்ளியைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போவதற்குள், காப்பிக் கோப்பைகளைத் திரும்ப வாங்கும் நேரம் வந்துவிடும்.

முதல் பகுதியில் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், ஹீத்ரோவின் நெருக்கடியைச் சொல்ல வேண்டும். அங்கே இருப்பது இரண்டே ஓடுபாதைகள். ஆண்டுக்கு 4,80,000 விமான இயக்கங்களுக்கு மேல் கூடாது என்று வரம்பு இருக்கிறது. அந்த வரம்பை ஒட்டித்தான் அது இயங்குகிறது. நாளுக்கு 1,315, அதில் பாதி புறப்பாடுகள். பதினேழு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் தொண்ணூறு நொடிக்கு ஒரு விமானம் எழும்ப வேண்டும். எங்கேயாவது இரண்டு நிமிடம் தடங்கல் வந்தாலும் பின்னால் நிற்கிற வரிசை நீண்டுவிடும்.

எழும்பிய பிறகும் உடனே சூரிச்சை நோக்கிப் போக முடியாது. விமானங்கள் காற்றை எதிர்த்து எழும்ப வேண்டும். தென் இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. ஆகவே ஆண்டில் ஏறத்தாழ 70 சதவீத நேரம் ஹீத்ரோவில் விமானங்கள் மேற்கு நோக்கியே எழும்புகின்றன. சூரிச்சோ தென்கிழக்கே இருக்கிறது. முதல் சில கிலோமீட்டர்களை எதிர்த்திசையில் பறந்து, இடப்பக்கம் திரும்பி, விட்ட தூரத்தை மீட்க வேண்டும். அப்போதும் 6,000 அடிக்கு மேல் ஏற உடனே அனுமதி கிடைக்காது. இறங்கக் காத்திருக்கும் விமானங்கள் அதற்கு மேலே 7,000 அடியிலிருந்து வட்டமடித்துக்கொண்டிருக்கும். 10,000 அடிக்குக் கீழே வேகமும் 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. என்று கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது.

அதன் பிறகு பாதை ஏறக்குறைய நேராகவே அமையும். ஐரோப்பிய வானில் விமானங்கள் உண்மையில் பறக்கும் பாதை, விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதியை விட்டுவிட்டுப் பார்த்தால், பெருவட்டத்தைவிடச் சராசரியாக 3 சதவீதத்தை ஒட்டியே அதிகமாக இருக்கிறது. வானத்தில் சுற்றிவளைத்துக்கொண்டு போகிறார்கள் என்ற குறை இந்தப் பகுதிக்குப் பொருந்தாது. சுற்று இருப்பதெல்லாம் இரண்டு முனைகளிலும்தான்.

காற்றின் பங்கு

இந்த அட்சரேகைகளில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று வலுவானது. அதன் உச்சத்தையே ஜெட் காற்றோட்டம் என்கிறார்கள். விமானத்தின் வேகம் காற்றைச் சார்ந்தது. நமக்கு வேண்டியதோ தரையைச் சார்ந்த வேகம். பின்னாலிருந்து மணிக்கு 100 கி.மீ. காற்று தள்ளினால் 830 என்பது 930 ஆகும்; எதிர்த்து வீசினால் 730 ஆகும். 788 கி.மீ. முழுவதையும் அந்த வேகத்தில் கடப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 51 நிமிடம், மறுபக்கம் 65 நிமிடம். சூரிச் நேர் கிழக்கில் இல்லாமல் தென்கிழக்கில் இருப்பதாலும், முழு வேகப் பறப்பு பாதித் தூரத்துக்குக்கூட இல்லாததாலும், நடைமுறையில் இந்தப் பதினான்கு நிமிட வேறுபாடு சில நிமிடங்களாகச் சுருங்கிவிடும். அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானத்துக்கு ஒரு மணி நேரத்தைக் கொடுத்துப் பறிக்கும் அதே காற்று, இங்கே டிக்கெட்டில் ஐந்து நிமிடமாக மட்டும் தெரிகிறது.

சூரிச்சில் எந்தப் பக்கமிருந்து இறங்குவது?

இந்தப் பயணத்தின் நேரத்தைப் புரிந்துகொள்ள மிக முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. பயணிகளில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. சூரிச் விமான நிலையத்திலிருந்து ஜெர்மனி எல்லை வடக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. சூரிச்சில் இறங்க வசதியான பாதை வடக்கிலிருந்து, தென் ஜெர்மனியின் மேலாக வருகிறது. பகல் நேரத்தில் பெரும்பாலான விமானங்கள் அந்த வழியாக வந்து 14ஆம் எண் ஓடுபாதையில் இறங்குகின்றன. விமான நிலையத்தின் வருமானம் சுவிட்சர்லாந்துக்கு, இரைச்சல் ஜெர்மானியக் கிராமங்களுக்கு என்பது தென் ஜெர்மனி மக்களின் நீண்ட காலக் குமுறல்.

இதற்காக 1984இல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அது போதவில்லை என்று ஜெர்மனி விலகிக்கொண்டது. 2001இல் கையெழுத்தான புதிய ஒப்பந்தத்தைச் சுவிஸ் நாடாளுமன்றம் நிராகரித்தது. உடனே 2003இல் ஜெர்மனி தன்னிச்சையாக விதி போட்டது: வேலை நாட்களில் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரையும், வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் இரவு 8 மணி முதல் காலை 9 மணி வரையும் தன் எல்லைக்கு மேல் தாழ்வாக வந்து சூரிச்சில் இறங்கக் கூடாது. மோசமான வானிலைக்கு மட்டும் விலக்கு உண்டு. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது, 2013இல் தோற்றது. 2012இல் இன்னோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜெர்மனி அதற்கு ஒப்புதல் தரவில்லை.

விளைவு என்ன? 2003 அக்டோபர் 30 முதல், காலையில் வரும் விமானங்கள் தெற்கிலிருந்து, கோக்ஹவுசன், ஷ்வாமெண்டிங்கன் போன்ற குடியிருப்புகளின் மேலாக வந்து 34ஆம் எண் ஓடுபாதையில் இறங்குகின்றன. இரவில் கிழக்கிலிருந்து வந்து 28ஆம் எண் ஓடுபாதையில் இறங்குகின்றன. வடக்கே ஓய்ந்த சத்தம், அதுவரை அமைதியாக இருந்த சூரிச்சின் தெற்குப் புறநகர்களில் விடியற்காலையில் கேட்கத் தொடங்கியது.

லண்டனிலிருந்து வரும் விமானத்துக்கு இதன் பொருளைப் பாருங்கள். அது வடமேற்கிலிருந்து வருகிறது. 14ஆம் எண் ஓடுபாதை அதற்கு ஏறக்குறைய முகத்துக்கு நேராக விரிந்திருக்கிறது. தெற்கிலிருந்து இறங்கச் சொன்னால் விமான நிலையத்தைத் தாண்டிப்போய், வளைந்து திரும்பி வர வேண்டும். லண்டனிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு 8.40க்குச் சூரிச் சேரும் விமானம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை அதற்கு வடக்கு வழி திறந்திருக்கும், ஏனெனில் காலை 7 மணியோடு தடை முடிந்துவிட்டது. சனிக்கிழமை அதே விமானம், அதே நேரத்தில், தெற்கே சுற்றி வர வேண்டும்; தடை 9 மணி வரை. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர்கூட மாறாத தூரம், கிழமை மாறியதால் வானத்தில் நீண்டுவிடுகிறது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று சொல்வது எளிதல்ல. எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் ஹோகென்டெங்கனில் உறங்குகிறவருக்கும் ஷ்வாமெண்டிங்கனில் உறங்குகிறவருக்கும் தூக்கம் ஒன்றுதான். ஆனால் பயண நேரத்தை எந்திரத்தின் வேகம் மட்டும் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறவர்கள், இந்த இரு ஊர்களையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

திரும்பும் வழியில் வட்டமடிப்பு

ஹீத்ரோவுக்கு வரும் விமானங்களுக்கு நான்கு காத்திருப்பு இடங்கள் உண்டு: வடமேற்கே போவிங்டன், வடகிழக்கே லேம்போர்ன், தென்கிழக்கே பிக்கின், தென்மேற்கே ஆக்கம். ஒன்றன் மேல் ஒன்றாக ஆயிரம் அடி இடைவெளியில் விமானங்கள் நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டே படிப்படியாக இறங்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் நான்கு நிமிடம். இரண்டு சுற்று என்றால் எட்டு நிமிடம் போய்விட்டது.

இதைக் குறைக்க 2014 முதல் ஒரு நல்ல ஏற்பாடு நடக்கிறது. ஹீத்ரோவிலிருந்து 350 கடல் மைல் தொலைவிலேயே, பிரான்சு போன்ற அண்டை நாடுகளின் கட்டுப்பாட்டாளர்களிடம் சொல்லி, வருகிற விமானங்களின் வேகத்தைச் சற்றுக் குறைக்கச் செய்கிறார்கள். லண்டன் மேலே எரிபொருளை எரித்துக்கொண்டு சுற்றுவதற்குப் பதிலாக, வழியிலேயே மெதுவாக வரட்டும் என்பது எண்ணம். சூரிச் 425 கடல் மைல் தொலைவில் இருப்பதால், அங்கிருந்து வரும் விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே இந்த வளையத்துக்குள் வந்துவிடுகிறது. வானம் தெளிவாக இருக்கும்போது விமானம் ஏன் மெதுவாகப் போகிறது என்று வரைபடத் திரையைப் பார்த்து வியப்பவர்களுக்கு விடை இதுதான்.

புறப்படுமுன்பே நிறுத்திவைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. சேருமிடத்திலோ வழியிலோ நெருக்கடி என்றால், ஐரோப்பிய வான்போக்குவரத்தை நெறிப்படுத்தும், பிரஸ்ஸல்ஸில் உள்ள யூரோகண்ட்ரோல் அமைப்பு அந்த விமானத்துக்கு ஒரு புறப்பாட்டு ஸ்லாட் கொடுக்கும். அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்போ பத்து நிமிடம் பின்போ எழும்பலாம். அதைத் தவறவிட்டால் புதிய ஸ்லாட் வாங்க வேண்டும். கதவை மூடிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

தாமதமானால் சட்டம் எதை எண்ணுகிறது?

தூரமும் நேரமும் பணமாக மாறும் இடம் இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் விதிமுறையைச் சுவிட்சர்லாந்தும் ஏற்றிருக்கிறது. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிறகும் அதே அமைப்பைத் தன் சட்டமாக வைத்திருக்கிறது. அதன்படி இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்வது டிக்கெட் விலை அன்று, தூரம். 1,500 கி.மீ. வரை 250 யூரோ. பிரிட்டன் சட்டத்தில் 220 பவுண்டு. தூரத்தைப் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்று விதிமுறையிலேயே எழுதியிருக்கிறது. விமானம் ஜெனீவா பக்கம் சுற்றி வந்திருந்தாலும் லண்டன்–சூரிச் 788தான்.

மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு உண்டு என்பது 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த விளக்கம். வானிலை போன்ற அசாதாரணக் காரணம் என்றால் கிடையாது. அப்படியானால் ‘சேர்ந்த நேரம்’ எது? சக்கரம் தொட்ட நேரமா, கட்டை வைத்த நேரமா? 2012 மே மாதம் சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்–பான் போன ஒரு விமானத்தால் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. பகல் 2.40க்குச் சேர வேண்டிய விமானம் 5.38க்குத் தரையைத் தொட்டது, 5.43க்கு நிறுத்துமிடத்தில் நின்றது. கதவு அதற்குச் சற்றுப் பிறகு திறந்தது. சக்கரத்தை எண்ணினால் தாமதம் 2 மணி 58 நிமிடம், ஒரு காசு கிடையாது. நின்ற நேரத்தை எண்ணினால் 3 மணி 3 நிமிடம்.

2014 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: பயணிகள் வெளியேறும்படி குறைந்தது ஒரு கதவாவது திறக்கும் கணமே சேர்ந்த நேரம். அதுவரை பயணி மூடிய இடத்துக்குள் அடைபட்டிருக்கிறார், தன் வேலைகளைத் தன் விருப்பப்படி பார்க்க முடியாது என்பது நீதிமன்றத்தின் வாதம். மனிதரின் நேரத்தை மதித்த நல்ல தீர்ப்பு. தாமதமாக வந்து இறங்கும்போது, கதவு திறந்த நேரத்தைக் கைப்பேசியில் குறித்துவைப்பது பயணிக்கு நல்லது.

விமான நிறுவனங்கள் பிளாக் டைமில் சில நிமிடங்களைச் சேர்த்தே அச்சிடுவதற்கு இதுவும் ஒரு தூண்டுதல். சில நாட்களில் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம் என்று அறிவிப்பார்கள். விமானம் வேகமாகப் பறந்ததென்று அதற்குப் பொருளல்ல. வரிசையும் வட்டமடிப்பும் அன்று இல்லாததால், கைக்காவலாக வைத்த நிமிடங்கள் மிச்சப்பட்டிருக்கும்.

மாலை விமானத்தில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது

சூரிச் விமான நிலையம் காலை 6 மணிக்குத் திறந்து இரவு 11 மணிக்கு மூடுகிறது. தாமதமான விமானங்களுக்கு மட்டும் 11.30 வரை இடம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு சிறப்பு அனுமதி வேண்டும். இங்கே அந்த ஒரு மணி நேர வேறுபாடு பயணிக்கு எதிராகத் திரும்புகிறது. கணக்கு இது:

1. சூரிச்சில் இரவு 11.30 என்பது லண்டனில் 10.30.

2. அதிலிருந்து பிளாக் டைம் 1 மணி 45 நிமிடத்தைக் கழித்தால் 8.45.

3. ஆகவே லண்டன் கடிகாரத்தில் இரவு 8.45க்குள் விமானம் நகரவில்லை என்றால், அன்று சூரிச் சேர்வது சந்தேகத்துக்குள்ளாகிவிடும்.

மாலை 7.30க்குப் புறப்படும் விமானத்தில் இடம் பிடித்தவருக்குக் கையிலிருப்பது ஒன்றே கால் மணி நேர அவகாசம். லண்டனில் இடியும் மழையுமாக இருக்கும் நாளில் அது பெரிய அவகாசம் அன்று. மறுநாள் காலையில் கோயிலிலோ மண்டபத்திலோ நிற்க வேண்டியவர்கள் மதிய விமானத்தைப் பிடிப்பதே பத்திரம். அந்த விமானம் வேலை நாளானாலும் ஞாயிறானாலும் பெரும்பாலும் வடக்கு வழியாக நேரே இறங்கிவிடும். விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சூரிச் மத்திய நிலையத்தில் இறங்கலாம்.